கூண்டுக்குள் போன எங்கள் கிடா

தளி போகிற வழியில், எங்கள் ஊரை ஒட்டிய பாறைக்குன்றில் சிறுத்தை உட்கார்ந்திருந்ததை முதலில் பார்த்தவர்கள் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போன பெண்கள். அடுத்த வாரமே இரண்டு நாய்களைக் காணவில்லை. ஊர் கூடி வனத்துறைக்குப் போன் போட்டது.

வந்த வனவர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. கோயில் எதிரே எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"அது வந்த மாதிரியே போயிரும். அடிக்கறதோ விஷம் வெக்கறதோ கூடவே கூடாது, சட்டப்படி குத்தம். ஆட்டைப் பட்டியில அடைச்சு, கதவ நல்லா சாத்தி வெச்சாப் போதும்."

ஊருக்கு அது போதவில்லை. கூண்டு வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கடைசியில் மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, டெம்போவில் கூண்டைக் கொண்டுவந்து குன்றடியில் இறக்கினார்கள்.

கூண்டில் இரண்டு அறைகள். பின்னறையில் ஆட்டை அடைக்கவேண்டும். முன்னறைக்குள் சிறுத்தை நுழைந்தால் கதவு விழுந்துவிடும். நடுவில் கெட்டியான கம்பித் தடுப்பு இருப்பதால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று வனவர் அடித்துச் சொன்னார். பிறகு, ஆடு யார் தருகிறீர்கள் என்று கேட்டார். கூண்டு கேட்டுக் கத்திய அத்தனை பேரும் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் என் மனைவி எழுந்தாள்.

"எங்கூட்டுல ஒரு கெடா இருக்குதுங்க சார். ஊருக்காகக் குடுக்கறோம்" என்றாள். குரல் தழுதழுத்தது.

அந்தக் கிடாவை எனக்குத் தெரியும். கன்னங்கரேலென்று இருக்கும். கேஸ் சிலிண்டர் போட வந்தவரை முட்டி வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறது. என் கம்பெனி யூனிபார்மில் ஒரு கையைத் தின்றிருக்கிறது. குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஓட்டிப்போனபோது, பல்லைப் பார்க்கக் குனிந்த வியாபாரியின் வயிற்றில் முட்டிவிட்டு எங்களோடு வீடு திரும்பியது. அன்று காலைதான் என் மனைவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளியிருந்தது. வனவருக்கு இதெல்லாம் தெரியாது. "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதுங்கம்மா" என்று கும்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுங்க சார். தெனம் மல்பெரித் தழை போடணும். வேற எதையும் அது திங்காது."

வீட்டில் அது சிமெண்ட் சாக்கைத் தின்னும். ஆனாலும் வனத்துறையின் வாட்சர் தினமும் சைக்கிளில் மல்பெரித் தழை கொண்டுவந்து போட்டார். சிறுத்தைதான் வரவில்லை. கிடா கொழுத்தது.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினேன். குன்றுப் பக்கமிருந்து என் மனைவி கூடையோடு வந்துகொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டு வர?"

"அந்தச் சனியன் செத்துதா இருக்குதான்னு பாக்கப் போனேன்."

கூடையின் அடியில் கடலைப் புண்ணாக்குத் தூள் ஒட்டியிருந்தது.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் காலையில், கூண்டருகே வைத்த கேமராவில் பதிவானதை வனவர் தன் போனில் காட்டினார். ஊரே அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. சிறுத்தை வருகிறது. கதவருகே உட்கார்ந்து உள்ளே பார்க்கிறது. கிடா நாலடி பின்வாங்கி, ஓடிவந்து, கம்பித் தடுப்பில் மடாரென்று முட்டுகிறது. சிறுத்தை பக்கவாட்டில் துள்ளிக் குதித்து, கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருகிறது. கிடா மறுபடியும் முட்டுகிறது. வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி போலச் சிறுத்தை எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறது.

"என் சர்வீஸ்ல இப்பிடி நான் பாத்ததில்லீங்க" என்றார் வாட்சர்.

அதற்குப் பிறகு சிறுத்தை எங்கள் ஊர்ப்பக்கம் வரவேயில்லை. ஜவளகிரிக் காட்டுக் கேமராவில் அது கர்நாடக எல்லைப் பக்கம் போவது தெரிந்தது; அதே சிறுத்தைதான் என்று புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்கள். வனவருக்கு நிம்மதி.

"புடிச்சு வேற எடத்துல வுட்டிருந்தா அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அதுவாவே போயிருச்சு, நல்லதாப் போச்சு."

கூண்டை ஏற்றும்போது என் மனைவி மெல்லக் கேட்டாள். "வேற ஊர்ல கூண்டு வெச்சாலும் ஆடு வேணுமில்லீங்களா சார்? இதையே கூட்டிட்டுப் போயிருங்களேன்."

தண்ணீர் வைக்கும்போதெல்லாம் முழங்காலில் இடி வாங்கியிருந்த வாட்சர் அவசரமாக டெம்போவுக்குப் பின்னால் போய்விட்டார். கிடா வீட்டுக்கு வந்தது. உண்மையாகவே மல்பெரித் தழையைத் தவிர எதையும் தின்ன மறுத்தது.

சில வாரம் கழித்து எங்கள் ஊர்ப் பள்ளியில் வனவிலங்குப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. பிள்ளைகளோடு நாங்களும் போயிருந்தோம். வனவர் சிறுத்தைப் படங்களைக் காட்டிவிட்டு, "சிறுத்தைய நேருக்கு நேரா பாத்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டார். ஓடக்கூடாது, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும் என்ற பதிலைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கைதூக்கினாள்.

"முட்டணும் சார்."

அப்படிச் செய்யவே கூடாது என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் மனிதருக்கு வியர்த்துவிட்டது. நடுவில் எங்களைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார்.

என் மனைவி எழுந்து, மிகுந்த பொறுப்போடு சொன்னாள்.

"கூண்டுக்குள்ள இருந்தா மட்டும் முட்டலாம் பாப்பா."