சிவப்புப் பென்சில்

விடைத்தாள் திருத்த உட்கார்ந்த மருமகள் சிவப்புப் பென்சிலைச் சீவினாள். அந்த மரவாசனையில் லேக் மார்க்கெட் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு திரும்பி வந்தது.

சார் நோட்டுகளை மாற்றிக் கொடுத்து எங்களையே திருத்தச் சொல்வார். "தப்புன்னா, ஏன் தப்புன்னு பக்கத்துல எழுதணும்."

ஒருநாள் என் கைக்கு வந்தது நண்பன் மணியின் நோட்டு. மதிப்பெண்ணில் முந்திவிடுவானே என்று அவனுடைய சரியான கணக்கைத் தப்பென்று அடித்தேன். ஒரு பொய்க் காரணமும் எழுதினேன்.

மணி சண்டை போடவில்லை. "நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்று தன் விடையை அழித்துவிட்டு, என் பொய்யைப் பார்த்து எழுதிக்கொண்டான்.

பிறகு நானும் ஆசிரியரானேன். இரண்டுமுறை பார்க்காமல் எவருக்கும் தப்புப் போட்டதில்லை. மணியிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

மருமகளிடம் இதைச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

"இந்த வெயில்ல பெஹாலாவுல இருக்கற அவர் வீட்டுக்கா மாமா? போன்ல சொல்லிடுங்களேன்."

"இல்லம்மா. அவன் முகத்தைப் பாத்துதான் சொல்லணும்."