புரட்டாசிச் சனிக்கிழமை மயக்கம்

“...ஊசின்னாலே எனக்கு ஒடம்பு நடுங்கும் டாக்டர். சக்கர வியாதியெல்லாம் எங்க வம்சத்துலயே கெடையாதுங்க!”

தர்மபுரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு சாதித்தார் என் அக்கா வீட்டுக்காரர். பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தோடு நல்லம்பள்ளிச் சம்பந்தி. நலம் விசாரிக்க வந்தாராம். வேவு பார்க்க என்பது எனக்குத் தெரியாதா?

அந்தப் புரட்டாசியில் சனிக்கிழமை தவறாமல் மாமா விழுந்தார். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டே இருப்பார். சட்டை நனைய வேர்க்கும், கை உதறும், கண் சொருகும். அக்கா பூசைக்கு வைத்த பானகத்தை வாயில் ஊற்றுவாள். எழுந்து உட்கார்ந்து, “என்ன வேடிக்கை?” என்பார் எங்களைப் பார்த்து. “பெருமாள் காப்பாத்திட்டாருடா” என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். விழாமலே காப்பாத்தக் கூடாதா என்று கேட்டால் எனக்குத்தான் திட்டு.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? காக்கா வலிப்பு என்று பேச்சு பரவி, அக்கா மகளுக்குத் தாம்பூலம் மாற்றுவதைச் சம்பந்தி தள்ளிப்போட்டுவிட்டார்.

இந்தத் தடவை பானகத்துக்கும் மாமா அசையவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றிய பிறகே கண் திறந்தார்.

டாக்டர் என்னைக் கேட்டார்: “சனிக்கிழமை என்ன விசேஷம்?”

“விரதங்க. உச்சிக்கு மேலதான் சாப்பாடு.”

“ஊரே விரதம் இருக்குது, எல்லாருமா விழறாங்க? சக்கரை இவ்வளவு எறங்கியிருக்குன்னா, இன்சுலின் ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடந்திருக்கணும்.”

அதற்குப் பதிலாகத்தான் மாமாவின் அந்த வம்சப் பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாமா, சக்கரைன்னு தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னுரும்னு மறைக்கிறீங்களா? இப்ப வலிப்புன்னு நிக்குதுங்களே! எலிக்குப் பயந்து வூட்டைக் கொளுத்தின கதையால்ல இருக்குது!”

பிற்பாடுதான் முழுசும் தெரிந்தது. சேலத்துக்குத் துணி எடுக்கப் போகிற சாக்கில் மருந்து வாங்கி வந்து, கடை மாடியில் தனக்குத் தானே குத்திக்கொண்டிருந்திருக்கிறார். ஊசியை ஒருநாளும் விடாதே என்று யாரோ சொன்னார்களாம், விடவில்லை. பெருமாள் விரதத்தையும் விடவில்லை. இப்படி ஒரு பக்திமானை எங்கே போய்த் தேடுவது?

நான் கேட்டதைக் காதில் வாங்கிய சம்பந்தி ஆரஞ்சை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

“இருங்க சம்பந்தி” என்றார் மாமா. வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டினார். எட்டி அவர் கையைப் பிடித்திழுத்து, ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயிருந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.