பொட்டு வைத்த இடம்

கார்ச் சக்கரத்து ரயரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் 205/55 R16 என்று எழுதியிருந்தால், 205 மில்லிமீற்றர் அகலம், 16 அங்குலச் சக்கரம் என்று மனைவிக்கு வகுப்பெடுப்பேன். நடுவிலுள்ள 55ஐ அவள் கேட்காதவரை பிரச்சினையில்லை. ஒரு மலைப் படமும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருந்தால் அது பனிக்காலத்து ரயர். பிறம்ரனில் இருக்கும் மச்சான் தன் காரை விற்றபோது மிஞ்சிய நான்கு பனிக்கால ரயர்களை எனக்குத் தந்தான். அளவு சரி, மலையும் இருந்தது, தேயாமல் பள்ளங்களும் ஆழம். வேறென்ன வேண்டும்?

அவற்றைப் பூட்டிய எங்கள் கார் மனைவிக்காக வாங்கியது. ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் திங்கட்கிழமை அவள் வேலை தொடங்க வேண்டும். அன்றைக்குப் பனி கொட்டும் என்று சொல்லியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் அவள் தனியாகக் கார் ஓடப்போகும் முதல் பனிக்காலம். சனிக்கிழமை காரை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனோம்.

ஐயர் காரின் முன்பக்கத்தில் சந்தனம் வைத்தார். எனக்கு அது போதவில்லை. மிச்சத்தை வாங்கி நான்கு ரயர்களுக்கும் பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ இலக்கங்களோடு சின்ன நீள்வட்டச் சட்டம் ஒன்று இருந்தது, பொட்டுக்கென்றே செய்ததுபோல்.

பக்கத்துக் காரோடு பூசைக்குக் காத்து நின்ற ஒரு பெண் குனிந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உந்தப் பொட்டை ஒருக்கா அழிக்கட்டே?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “ஏன் தங்கச்சி, பொட்டு உங்களை என்ன செய்தது?”

“நான் ரயர் மாத்துற இடத்திலை வேலை செய்யிறன். உதுக்குள்ளைதான் ரயர் செய்த காலம் கிடக்கு.”

பெருவிரலால் துடைத்தாள். 3513.

“முதல் ரெண்டும் கிழமை, மற்ற ரெண்டும் வருசம். 2013இலை முப்பத்தைஞ்சாம் கிழமை.”

ஆறாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளுக்கு மூத்த ரயர்.

“பள்ளமெல்லாம் ஆழமாத்தானே கிடக்கு?” என்றேன். குரல் இறங்கியிருந்தது.

“ஓம் அண்ணை. ஓடாமல் வைச்சிருந்தாலும் றப்பர் இறுகிப்போம். பனியிலை பிரேக் பிடிச்சால் வழுக்கும். அக்காவை உதோடை விடாதேங்கோ.”

அதற்குள் அவளுடைய முறை வந்துவிட்டது, போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை புது ரயர் பூட்டினோம். கழற்றிய பழையதைக் கடைக்காரர் அழுத்தி வளைத்துக் காட்டியபோது, பக்கமெல்லாம் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன.

திங்கட்கிழமை சொன்னபடியே கொட்டியது. மாலையில் மனைவி வந்து சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னாள்: “முன்னுக்குப் போன லொறி சடாரெண்டு நிண்டிட்டுது. நானும் பிரேக்கை அமத்தினன். நல்லவேளை, கார் நிண்டிட்டுது.” சொல்லிவிட்டு, தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன். கோயிலில் பொட்டை அழித்த அந்தப் பிள்ளையை நினைத்தேன். அவளை முறைத்தேனே தவிர ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

“ரெண்டும் தெரியாது ஐயா,” என்றேன். “என்ரை மனிசியை வீட்டை கொண்டுவந்து சேர்த்த பிள்ளை.”