ஏழாம் எண்ணின் நாற்பது விநாடி

நீதிமன்றத்தில் அவருக்குக் 'காதுக்காரர்' என்று பட்டப்பெயர். முப்பத்தோரு வருடம் சுருக்கெழுத்து எழுதியவர். சாட்சி அழுதாலும் சரி, வக்கீல் மேசையைத் தட்டினாலும் சரி, குனிந்த தலை நிமிராது. முகத்தைப் பார்த்தால் மனம் இளகும், மனம் இளகினால் எழுத்து பிசகும் என்பார். நியாயம்தான். அதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினையாகப் போயிற்று. போன வருடம் மனைவி இறந்தபோது, எத்தனை மாதமாக வலி இருந்தது என்று டாக்டர் கேட்டார். "வலிக்குதுன்னு ஒரு நாளும் சொல்லலையே" என்றார் இவர். பொய்யில்லை.

அதன்பின் மனிதர் சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மகள் அவரை ஓர் இணையவழி அரசியல் விவாதப் போட்டிக்கு நடுவராக்கினாள். ஆற்றங்கரை வீடுகளை இடித்துச் சாலை போடலாமா, கூடாதா என்பது தலைப்பு. ஜெயிப்பவர் நகரசபையில் பத்து நிமிடம் பேசலாம். இடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போகும் கூட்டமே அதுதான். போட்டியாளருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். இறுதிச் சுற்று நேரலை, இவர் ஒருவரே நடுவர்.

காதுக்காரர் கேமராவோடு கணினித் திரையைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டு நோட்டை விரித்தார். நேர்மைக்குப் பெயர் போனவர் அல்லவா! இடிக்கலாம் என்று மூன்றாம் எண் இளைஞன் மடை திறந்த வெள்ளமாகக் கொட்டினான். இடிக்கக்கூடாது என்ற ஏழாம் எண் ஒரு தையல்காரப் பெண். நன்றாகத்தான் தொடங்கினாள்.

"இதுக்கு மேல நான் என்னங்க வாதாடறது? இதோ, நீங்களே பாருங்க."

அந்தச் சொற்களையும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார். அதன்பின் சத்தமில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 'நாற்பது விநாடி மௌனம், வாதம் இல்லை' என்று குறித்து மதிப்பெண்ணை வெட்டினார். மூன்றாம் எண் ஜெயித்தான்.

மறுநாள் மகள் கைபேசியோடு வந்து நின்றாள். "அப்பா, நீங்க பார்க்கவே இல்லையா?"

போட்டியின் பதிவை ஓடவிட்டாள். அந்தப் பெண்ணின் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் இடிப்பு எண். அதன் கீழே தையல் மிஷின். கட்டிலில் எழுந்திருக்க முடியாத ஒருவர். அவர் காலிலிருந்து நழுவிய போர்வையை ஒரு கை இழுத்து மூடுகிறது.

காதுக்காரர் உடனே அமைப்பாளருக்குப் போன் செய்தார்.

"அறிவிச்சாச்சு சார். நடுவர் தீர்ப்பே இறுதின்னு விதியில இருக்கு."

"அந்த நடுவரே நான்தானய்யா!"

"அதனாலதான் சார்" என்று அமைப்பாளர் போனை வைத்துவிட்டார்.

"அந்த நாற்பது விநாடியும் அந்தப் பொண்ணு வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் மகளிடம்.

மகள் கோபப்படவில்லை. "அம்மாவும் சொல்லலதான்பா."

"இன்னொரு தடவை போடு" என்றார் அவர். பேனாவை எடுக்கவில்லை. நாற்பது விநாடியின் முடிவில் ஏழாம் எண் தன் முகத்தைக் காட்டினாள். நடுவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள். திரையின் மூலையில், நடுவருக்கான கட்டத்தில், இவர் வீட்டு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதையேதான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.