ஒழுங்கைப் படத்தில் ஒரு வீடு

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் புவியியல் ஆசிரியை. உயர்தர வகுப்பு மாணவிகளின் களஆய்வுக்காக நல்லூரில் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையை, ஒடுக்கமான சிறு தெருவை, தெரிந்தெடுத்தேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த குடும்பங்களால் அங்கே வாடகை ஏறியிருந்தது. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ரியூசன் வகுப்புக் கொட்டில்களாக மாறிக்கொண்டிருந்தன. வீட்டு வளவுகளை ஒவ்வொன்றாக அளந்து, படம் வரைந்து நிறம் தீட்டினோம். குடியிருப்பு மஞ்சள், கல்வி நீலம், வியாபாரம் சிவப்பு.

ஒரு வீட்டின் பின்குசினியில் ஒரு பெண் இடியப்பம் அவித்து, தங்கிப் படிக்கும் பெடியளுக்கு விற்றாள்.

"அக்கா, உங்கடை இடியப்பம் இல்லாட்டி அவங்கள் சோதினை எழுதமாட்டாங்கள்" என்றாள் என் மாணவி ஒருத்தி.

"திண்டுபோட்டும் பாஸ் பண்ணுறாங்கள் இல்லையே!" என்று சிரித்தவள், என் பக்கம் திரும்பினாள். "ரீச்சர், உதையும் எழுதப் போறியளோ? வீட்டுச் சொந்தக்காரர் லண்டனிலை. குடியிருக்க மட்டும் எண்டுதான் தந்தவை. தெரிஞ்சால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவினம். சும்மா வீடெண்டு போடுங்கோ."

"இது பள்ளிக்கூடப் படம். ஆர் பாக்கப்போகினம்?" என்றேன்.

மஞ்சள் தீட்டியிருக்கலாம். ஆனால் கல்வி நிலையங்கள் வந்தால் அவற்றைச் சுற்றிச் சிறுவியாபாரம் வளரும் என்பது என் முடிவு. அதற்கு அந்த ஒழுங்கையில் இருந்த ஒரே சான்று அவளுடைய அடுப்பு. பின்பாதியை நானே சிவப்பாக்கினேன். எல்லைக்கோட்டை மீறாமல், இரண்டு முறை தீட்டினேன்.

பாடசாலைக் கண்காட்சியில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினோம். பெற்றோர் பலர் வந்தார்கள். அந்த வீட்டுச் சொந்தக்காரரின் தமையனும் வந்தார்; அவருடைய மகள் எங்கள் பாடசாலையில்தான் படித்தாள்.

"உது எங்கடை வளவெல்லே? பிள்ளை, உந்தச் சிவப்பு என்ன?"

"வியாபாரம், அங்கிள். இடியப்பம் அவிச்சு விக்கினம்."

படத்தருகில் நின்ற மாணவி தெளிவாக விளக்கினாள். அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். நான் இரண்டு முழத் தூரத்தில்தான் நின்றேன்.

அந்த மாதம் முடியுமுன் இடியப்பக்காரியை வீட்டை விடச் சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் ஒரு சனிக்கிழமை போனேன். சொல்லவேண்டியதைச் சைக்கிளில் வரும்போதே மனதுக்குள் ஒழுங்குபடுத்தியிருந்தேன். அவள் இடியப்பத் தட்டுகளைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ ரீச்சர். பாத்தியளே அநியாயத்தை? முன்வீட்டுக்காரிதான் கோள் சொல்லியிருக்கிறாள். புகை வருது, புகை வருதெண்டு எந்தநாளும் சண்டை. அவளை விட்டால் ஆர்? அவளாய்த்தான் இருக்கும், என்ன ரீச்சர்?"

"இருக்கும்" என்றேன்.

வெளியே வந்தபோது முன்வீட்டுக்காரி தன் வாசல் படலையில் நின்றாள்.

"பாவம் ரீச்சர், அந்தச் சனம். என்னோடை முகம் குடுத்துக் கதைக்கினமில்லை. ஆர் காட்டிக்குடுத்தது?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.