கொறடா இல்லாத கடைசி வரிசை

நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் இருக்கிறாராம். தான் ஓட்டுப் போடுகிற ஒவ்வொரு மசோதாவையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் பொத்தானில் கை வைப்பாராம். இப்படி ஒரு வதந்தி.

எதிர்க்கட்சித் தலைவர் தூக்கத்தில்கூட வெளிநடப்புச் செய்கிறார் என்றால் நம்பலாம். மந்திரி ஒருவர் தன் துறையின் பெயரை உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். இதை எப்படி நம்புவது? சொன்னவர் வேறு நாடாளுமன்ற உணவகத்தின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். முப்பது வருடத்தில் எந்த உறுப்பினரைப் பற்றியும் அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை உதிர்ந்ததில்லை.

"சாப்பிடறப்பவும் படிக்கிறாரு சார். போன வாரம் உப்புன்னு நெனச்சு சர்க்கரைய அள்ளிப் போட்டுக்கிட்டாரு. அதையும் அப்படியே சாப்பிட்டு முடிச்சாரு."

அந்தச் சர்க்கரைதான் உறுத்தியது. பொய்க்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. விசாரிக்கக் கிளம்பினேன்.

அவரை எல்லோரும் 'லிஃப்ட்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு, எந்தக் கட்சியின் தயவும் இல்லாமல் ஜெயித்து வந்தவர். அவையின் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய தூணுக்குப் பின்னால், அவரையும் சேர்த்து ஏழு சுயேச்சைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவர்களுடைய காகிதம் மட்டும் பறக்கும்.

கட்சிக்காரர்களுக்குக் கொறடா உண்டு. எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போடவேண்டும் என்று தன் கட்சி உறுப்பினர்களுக்குச் சொல்வதே அவர் வேலை. வாக்கெடுப்பு மணி அடித்ததும் எழுந்து கட்டைவிரலைக் காட்டுவார். மேலே என்றால் பச்சைப் பொத்தான். கீழே என்றால் சிவப்பு. நூற்றைம்பது பேர் படிக்க வேண்டியதை ஒரு கட்டைவிரல் படித்துவிடும். சுயேச்சைகளுக்கு அவரவர் கட்டைவிரல்தான். கட்சிகளுக்கு வளாகத்திலேயே அலுவலகம் உண்டு. நிகழ்ச்சி நிரல் மாறினால் தாள் அங்கே ஓடிவரும். இவர்களுக்கு வரவேண்டியதைப் பின்கதவுக்குப் பக்கத்துப் பலகையில், காணாமல்போன குடைகள் பற்றிய அறிவிப்புக்குக் கீழே குத்திவிட்டுப் போவார்கள். ஒரு விவாதத்தில் ஏழு பேருக்கும் சேர்த்து ஆறு நிமிடம் ஒதுக்குவார்கள். அதை அவர்களே பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவர் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

அவர் வீடு பதினேழாம் பிளாக்கின் பதினோராவது மாடியில். இப்படி இருபத்தொன்பது பிளாக்குகள்தான் அவர் தொகுதியில் பாதி. தேர்தலின்போது அங்கே பாதி லிஃப்ட் ஓடவில்லை. மற்ற வேட்பாளர்கள் தரைத்தளத்தில் ஒலிபெருக்கி கட்டினார்கள். துணிச்சல்காரர் ஒருவர் மூன்றாவது மாடிவரை ஏறி, மூச்சு வாங்கி, வாக்குறுதியைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினாராம். இவர் ஒவ்வொரு பிளாக்கிலும் கடைசி மாடிவரை படியேறிப் போனார். வரும்போது லிஃப்ட்டில் வந்தார். மேலே போய்ப் பழுது பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இது வாக்காளருக்குக் கொடுத்த லஞ்சமா என்று தேர்தல் அதிகாரி மூன்று நாள் யோசித்தார். அந்த ஆள் பதினெட்டு வருடமாக மாதச் சம்பளத்துக்கு அதே வேலையைத்தான் அதே கட்டடங்களில் செய்கிறார் என்று தெரிந்ததும் கோப்பை மூடினார்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. மருந்துக்கடையில் வேலை. வதந்தியைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"மசோதா என்ன சார் மசோதா? சோப்பு வாங்கிட்டு வந்தா உறையில இருக்கறத முழுசும் படிச்சுட்டுத்தான் கைய நனைப்பாரு. எங்க கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துச்சு. கடைசி வரியில அச்சகத்தோட போன் நம்பர்ல ஒரு எண்ணு விட்டுப்போச்சுன்னு ஐந்நூறு பத்திரிகையையும் திருப்பி அனுப்பிட்டாரு."

"தப்புன்னா தப்புதானே?" உள்ளிருந்து குரல் வந்தது.

"கேட்டீங்களா? இருபத்தி நாலு வருஷமா இதே பதில்."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் உயரம் குறைவு, தோள் அகலம். சோதிப்பதற்காக நான் கையோடு அஞ்சல் துறை மசோதாவைக் கொண்டுபோயிருந்தேன், நூற்றெண்பத்தாறு பக்கம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, எண்ணை மட்டும் சொன்னேன். நூற்று நாற்பத்து மூன்று.

கண்ணை மூடினார். "பாதிப் பக்கந்தான் எழுத்து. கீழ அட்டவணை. எடை வாரியா பார்சல் வகை. ஆனா உங்க கையில இருக்கறது பழைய அச்சு சார். புதுசுல அது நூத்தி நாப்பத்தஞ்சு. அந்த அட்டவணையில 'ஒன்பதாம் இணைப்பைப் பார்க்க'ன்னு போட்டிருக்கும். மொத்தமே எட்டு இணைப்புதான் இருக்கு."

புரட்டிப் பார்த்தேன். எட்டுதான் இருந்தது. அந்த மசோதா போன கூட்டத்தொடரில் இருநூறு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறி, நாடு முழுக்க அமலில் இருந்தது.

மசோதாவை மூடி வைத்தேன். ஏன் இப்படி என்று மட்டும் கேட்டேன்.

லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் ஓர் அட்டை தொங்குமாம். சோதிக்க வரும் மெக்கானிக் தேதி போட்டு 'பார்த்தாச்சு' என்று எழுதவேண்டும். இவர் இருபத்திரண்டு வயதில் ஒரு கட்டடத்துக்குப் போனபோது, முதல் நாள் தேதியில் வேறொருவர் 'பார்த்தாச்சு' எழுதியிருந்தார். அதை நம்பி இறங்கிவிட்டார். அன்று சாயங்காலம் பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் மூன்று மாடி கீழே போனது. உள்ளே இருந்தவருக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. இவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருப்பார். அடிபட்டவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவருடைய மகள். அந்த மகள்தான் எனக்குக் கதவைத் திறந்தவர்.

"எங்கப்பா கண்ண மூடற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு," என்றார் அவர். "'மாப்பிள்ளை என் காலையும் ஒடிச்சாரு, பொண்ணையும் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டுல எது பெரிய நஷ்டம்னு இன்னும் கணக்குப் பிடிபடல'ன்னு."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. "அன்னிலேருந்து அடுத்தவன் எழுதின 'பார்த்தாச்சு'வ நான் நம்பறதில்ல சார். கொறடா காட்டற விரலும் அந்த அட்டைதானே?"

அதன் பிறகு மூன்று வாரம் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வாக்கெடுப்பு மணி அடித்ததும் முன்வரிசைகளில் முந்நூறு முகங்கள் கட்டைவிரலைத் தேடும். அதே நேரத்தில், கடைசி வரிசையில் ஆறு கழுத்துகள் லேசாக இடது பக்கம் சாயும். இடது ஓரத்தில் லிஃப்ட்காரரின் கை. அவர் எந்தப் பொத்தானை அமுக்குகிறாரோ, அதுவே ஏழு இருக்கையிலும். இந்த மனிதர்தான் முழுசாகப் படிக்கிறாரே, நாம் எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது என்று ஆறு பேரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள். கொறடாவே வேண்டாம் என்று வந்த வரிசை, தனக்கே தெரியாமல் ஒரு கொறடாவைப் பெற்றெடுத்திருந்தது. அந்தக் கொறடாவுக்கும் அது தெரியாது. அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தால்தானே தெரிய?

கட்டடப் பாதுகாப்பு மசோதா வந்தது. அதன் அறுபத்தொன்றாம் பிரிவு லிஃப்ட்டைப் பற்றியது. அதுவரை இருந்த சட்டப்படி, வெளியிலிருந்து ஒரு சோதனையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு லிஃப்ட்டையும் பார்க்கவேண்டும். அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று மாற்ற மந்திரி ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். ஆறு மாதமே இருக்கட்டும் என்று லிஃப்ட்காரர் ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். அவருடைய பிளாக்குகளில் மட்டும் ஐம்பத்தெட்டு லிஃப்ட். கயிறுகள் எல்லாம் கிழடு தட்டியவை. அத்தனைக்கும் மோட்டார் அறை வாசம் வரை அவருக்குத் தெரியும்.

பக்கத்து இருக்கைக்காரர்கள் ஆறு பேரும் தங்கள் பங்கை அவருக்கே கொடுத்தார்கள். ஆறு நிமிடமும் பேசினார்.

"கயிறு அறுந்து விழுந்த லிஃப்ட்ட நீங்க சினிமாலதான் பாத்திருப்பீங்க. நிஜத்துல கயிறு அப்படி அறுந்துபோகாது. உள்ள ஒவ்வொரு இழையா விடும். வெளியிலேருந்து பாத்தா புதுசு மாதிரி மினுமினுப்பா இருக்கும். துணியைச் சுத்தித் தடவிப் பாக்கணும். விட்ட இழை துணியில மாட்டும். அஞ்சே மாசத்துல இழை விட்ட கயிற நான் பாத்திருக்கேன். மூணு வருஷம் சோதிக்காம விட்ட கயிறப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

அவையில் யாரும் செல்போனைப் பார்க்கவில்லை. அது நடந்தாலே அங்கே வரலாறுதான்.

மணி அடித்தது. லிஃப்ட்காரர் கையிலிருந்த நிரலின்படி அவருடைய திருத்தம் முதலில், மந்திரியுடையது இரண்டாவது. காலையில் வரிசை மாற்றப்பட்டிருந்தது. மாறிய தாள் கட்சி அலுவலகங்களுக்குப் போயிருந்தது. ஒரு பிரதி பின்கதவுப் பலகையிலும் இருந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் படிக்கிற மனிதர் அந்த ஒரு தாளைப் படிக்கவில்லை. சபாநாயகர், "பிரிவு அறுபத்தொன்று, முதல் திருத்தம்" என்றார். லிஃப்ட்காரர் தன் திருத்தம் என்று நினைத்துப் பச்சையை அமுக்கினார். பக்கத்துக் கழுத்துகள் சாய்ந்தன. ஆறு பச்சை.

முன்சுவரின் மின்பலகையில் எண்கள் வந்தன. ஆதரவு நூற்றைம்பத்தெட்டு. எதிர்ப்பு நூற்று நாற்பத்தொன்பது. பக்கத்திலேயே திருத்தத்தின் வாசகம்: மூன்று வருடம்.

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. எந்த இருக்கை எந்த நிறம் என்று காட்டும் விளக்குகளைப் பார்த்தார். கடைசி வரிசையில் ஏழு பச்சை, வரிசையாக, மாலை கோத்தது போல. அவர் முகம் வெளுத்ததை மாடத்திலிருந்தே பார்த்தேன். தன் கைக்குப் பின்னால் ஆறு கை இருந்தது அந்த நொடியில்தான் அவருக்குத் தெரிந்தது.

முடிவைச் சபாநாயகர் வாயால் அறிவிக்கும்வரை, தவறாகப் போட்ட ஓட்டை ஒருவர் எழுந்து திருத்தலாம். தன் ஓட்டை மட்டும். லிஃப்ட்காரர் எழுந்தார்.

"ஐயா, தப்பா அமுக்கிட்டேன். வரிசை மாறினதப் படிக்கல. என் ஓட்டு எதிர்ப்பு."

நூற்றைம்பத்தேழு, நூற்றைம்பது. ஆளும் தரப்பில் சிரிப்பு. "லிஃப்ட்டு மாடி மாறி நின்னுடுச்சு!" என்று ஒருவர் கத்தினார்.

அவர் வலது பக்கம் ஒருமுறை திரும்பியிருந்தால் போதும். கையை அசைத்திருந்தால்கூடப் போதும். ஆறு பேரும் எழுந்திருப்பார்கள். ஐம்பத்தெட்டு லிஃப்ட்டும் பிழைக்கும். அவர் திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர் விரல்கள் மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

சபாநாயகர் மைக்கை இழுத்தார். அப்போது பக்கத்து இருக்கையில் டீச்சரம்மா எழுந்தார். முப்பத்தைந்து வருடம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர்.

"நானும் மாத்திப் போட்டுட்டேன்."

"நீங்களும் வரிசையைப் படிக்கவில்லையா அம்மா?"

"நான் எதையுமே படிக்கலங்க ஐயா. பக்கத்துல பாத்து எழுதினேன். இதுக்காக நான் எத்தனையோ புள்ளைங்கள பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிருக்கேன். இப்ப நானே நிக்கறேன். என் ஓட்டு எதிர்ப்பு."

சிரித்துக்கொண்டிருந்த பக்கம் அடங்கியது. அடுத்து மாட்டு டாக்டர் எழுந்து, "நானும் பாத்துத்தான் போட்டேன். எதிர்ப்பு," என்றார். பிறகு இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து, நீ முதலில் நீ முதலில் என்று சைகை காட்டிக்கொண்டு, இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். நூற்றைம்பத்து மூன்று, நூற்றைம்பத்து நான்கு. திருத்தம் சாய்ந்துவிட்டது. ஆறாவது ஆள் இனி எழவேண்டிய அவசியமே இல்லை. அவரும் எழுந்தார். நாடாளுமன்றத்தில் ஆள் மாற்றி ஆள் எழுந்து, தான் யோசிக்காமல் ஓட்டுப் போட்டதாக ஒப்புக்கொள்வதைப் பார்க்க, முன்வரிசைக் கொறடாகூடத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

ஏழாவது ஆள் பழைய கால்பந்து கோல்கீப்பர். அவர் எழவில்லை. எல்லோரும் பார்க்கவும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை விரித்தார்.

"என்ன என்னையே பாக்கறீங்க? நான் மசோதாவப் படிச்சேன். அந்தத் தாளையும் படிச்சேன். அண்ணன் பேச்சையும் கேட்டேன். எனக்கு மூணு வருஷம்தான் சரின்னு படுது. நான் போட்டது போட்டதுதான்."

மந்திரியின் திருத்தம் மூன்று ஓட்டில் தோற்றது. பழைய ஆறு மாதமே நின்றது.

வெளியே வராந்தாவில் லிஃப்ட்காரரைப் பிடித்தேன். கோல்கீப்பர் மேல் வருத்தமா என்றேன்.

"வருத்தமா? எங்க வரிசையில இன்னிக்கு ஒழுங்கா ஓட்டுப் போட்டது அவரு ஒருத்தருதான் சார்."

இப்போது கடைசி வரிசையில் வாக்கெடுப்புக்கு முன் ஏழு தலைகளும் குனிந்திருக்கின்றன. டீச்சரம்மா பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிக்கிறார். லிஃப்ட்காரர் பொத்தானை அமுக்கும்போது இடது கையால் மறைத்துக்கொள்கிறார்.

ஒரு பாக்கி மட்டும் நிற்கிறது. அன்று ஆறு பேரும் எழுந்து பேசியதில் இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஆகியிருக்கிறது. சுயேச்சைகளின் ஆறு நிமிடம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்ததால், இதை முன்கடனாகக் கருதி அடுத்த விவாதத்தில் கழித்துக்கொள்ள ஒப்புதல் கேட்டு அவைச் செயலகம் கடிதம் அனுப்பியது. 'சுயேச்சைக் குழுத் தலைவர் அவர்களுக்கு' என்று முகவரி. கழித்துக்கொள்ளட்டும், என் பங்கிலிருந்து எடுக்கட்டும் என்று ஆறு பேரும் சொல்கிறார்கள். கடிதத்தை மட்டும் யாரும் கையெழுத்துப் போட்டு வாங்குவதில்லை. வாங்கினால் தலைவராகிவிடுவோமே! கோல்கீப்பரிடம் கொண்டுபோனால், "நான்தான் எழுந்திரிக்கவே இல்லையே," என்கிறார்.

கடிதம் நான்காவது தடவையாகச் செயலகத்துக்குத் திரும்பியிருக்கிறது.