வீட்டில் வைகாசி, ஆபீசில் மேடம்

கைதிகளுக்கு வரும் கடிதங்களைப் படித்து, முத்திரை குத்தி உள்ளே அனுப்புவது திருவனந்தபுரம் சிறை ஆபீசில் என் வேலைகளில் ஒன்று. அந்த வருஷம், நாற்பத்துமூன்று வயதில், இலாகா பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருந்தேன். குற்றம், தண்டனை, சிறை விதிகள் என்று மூன்று தடித்த புத்தகங்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவற்றை முணுமுணுப்பேன். பக்கத்து மேஜைக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

"ஓய், பரீட்சைக்கு நீரும் உம்ம பிள்ளையும் ஒரே வண்டியிலேயே போறேளா?"

சித்திரை நடுவில், நாஞ்சில் நாட்டுக் கைதி ஒருவனுக்குக் கடிதம் வந்தது. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டு வந்தவன். சிறைத் தோட்டம் அவன் பொறுப்பு. யாரையோ கொண்டு மனைவி எழுதச் சொல்லியிருந்தாள்: 'மூத்தவளுக்கு வைகாசி பன்னிரண்டு காலை முகூர்த்தம். அதுக்குள்ள விட்டுருவாங்களா?'

பதிவேட்டைப் பார்த்தேன். விடுதலை, எடவம் பதினொன்று. எடவம் என்றால் எங்கள் வைகாசிதான்.

"பதினொண்ணு காலம்பற விட்டுடுவா. சாயங்காலம் வீட்ல இருப்பே. மறுநாள்தானே கல்யாணம்?" என்றேன்.

அவன் அன்று பாத்திகளுக்கு இரண்டு தடவை தண்ணீர் பாய்ச்சினானாம்.

மாதம் பிறந்த அன்று, வழக்கம்போல் வீட்டில் டயரியில் 'வைகாசி 1' என்று எழுதிவிட்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே மேடம், அதாவது மலையாளச் சித்திரை, இன்னும் தீரவில்லை. இதில் அதிசயம் எதுவும் இல்லை. சங்கராந்தி பிற்பகலில் வந்தால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே முதல் தேதி, மலையாளக் கணக்கில் மறுநாள்தான். சர்க்கார் நடப்பது மலையாளக் கணக்கில். தினமும் இரண்டு தேதிகளையும் எழுதுகிற நான், அவனுக்கு நாள் சொன்னபோது அதை நினைக்கவில்லை. இங்கே எடவம் பதினொன்று விடியும்போது அவன் ஊரில் வைகாசி பன்னிரண்டு. அவன் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறுவதற்குள் தாலி கட்டியிருப்பார்கள்.

தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"இதென்ன சாமி, ஊருக்கு ஒரு மாசம், செயிலுக்கு ஒரு மாசமா? முதல்ல அந்தப் பஞ்சாங்கத்தைப் பிடிச்சு உள்ள போடணும்" என்று சிரித்தான். சிரிப்பு நீடிக்கவில்லை. பறித்த வெள்ளரிக்காயைக் கூடையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்று பிற்பகல் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். நல்ல வேலைக்காகச் சூப்பரின்டெண்டு சில நாட்களைக் குறைக்கலாம் என்று ஒரு விதி. அதற்கு ஆபீஸ் குறிப்பு எழுத வேண்டும். தோட்டக்காரனுக்காக இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதவேண்டிய குமாஸ்தா நான்தான். அரைப் பக்கம் எழுதி எடுத்துப் போனேன்.

சூப்பரின்டெண்டு மலையாளி. என்னோடு தமிழில்தான் பேசுவார், அவர் பாணியில்.

"இந்த விதி எவிடே கிடைச்சு?"

"பரீட்சைக்குப் படிக்கறபோது, சார்."

"ஓஹோ! அப்போ பரீட்சை இங்கேயே ஆகட்டும். தண்டனை எதுக்கு? சொல்லும்."

நின்றபடியே ஒப்பித்தேன். செய்ததற்குப் பதில் செய்ய, மற்றவர்கள் பயப்பட, செய்தவன் திருந்த.

"சரி. இந்த ஆள் மகளோட கல்யாணத்தைக் காணாம போனா, அதிலே எது நடக்கும்?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

"மூணும் நடக்காது, சார். பொண்ணு அழறதுதான் நடக்கும்."

அவர் சிரித்து, பேனாவை எடுத்தார். "ஒரு நாள் போதுமோ? பெண்ணோட அச்சனாக்கும், ஆயிரம் வேலை கிடக்கும் அல்லே?" இரண்டு நாள் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவன் எடவம் ஒன்பதாம் தேதி காலை போனான். அதன்பிறகு ஏழாம் நாள், வாசலில் காவலர் போட்ட சத்தம் ஆபீஸ் வரை கேட்டது.

"சாரே, ஓடி வரணே! இவிடுந்து போனவன் தானே திரிச்சு வந்நது இதாணு ஆத்யம்!"

விடுதலையாகிப் போனவன் தானாகத் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவையாம். வெளியே போனேன். புது வேட்டியில், கையில் ஓலைப்பெட்டியோடு நின்றான். பெட்டி நிறைய முந்திரிக்கொத்து, கல்யாணப் பலகாரம்.

"நான்தான் சாமி கையைப் பிடிச்சுக் கொடுத்தேன்" என்றான். "அந்தப் பங்காளியும் வந்திருந்தான். அவனுக்கு முதல் பந்தியிலயே எலை போட்டேன்."